உலாவியின் தனியுரிமை அமைப்புகள் எதுவரை காக்கும்? கைப்பேசியிலும் கணினியிலும் வரிசையாகச் செய்ய வேண்டியவை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் நான் நடத்தும் சிறு கணினி வகுப்புக்கு நகரவாசிகளும், சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவோரும் வருகிறார்கள். அங்கே ஒரே கேள்வி பலர் வாயிலிருந்து வருகிறது: “பிரைவசி செட்டிங் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன் சார், அப்படியும் நான் தேடிய பொருளே ஏன் விளம்பரமாக வந்து நிற்கிறது?”

அந்த அமைப்புகள் பொய்யில்லை; அவை உண்மையாகவே வேலை செய்கின்றன. ஆனால் ஒருவரை இணையத்தில் பின்தொடரப் பல வழிகள் இருக்க, உலாவியின் அமைப்புகள் அவற்றில் ஒன்றை நன்றாகவும் இன்னொன்றை அரைகுறையாகவும் அடைக்கின்றன, மற்றவற்றைத் தொடுவதே இல்லை. எந்த அமைப்பு எந்த வழியை அடைக்கிறது என்று தெரியாமல் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றுவோர், பெரிய கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சன்னலுக்குத் தாழ்ப்பாள் போடுகிறார்கள். ஆகவே, கீழே உள்ளவற்றை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், யாரோ சொன்ன அறிவுரையைக் கேட்டு, வகுப்புக்கு வரும் முன்பே உலாவியில் சேமித்திருந்த அனைத்தையும் துடைத்துவிட்டார். தளங்கள் உலாவியில் வைக்கும் சிறு குறிப்புகளான குக்கீகளோடு, சேமித்த கடவுச்சொற்களும் போய்விட்டன. மின்னஞ்சலுக்குள் திரும்ப நுழைய முயன்றால், சரிபார்ப்பு எண் அவர் எப்போதோ கைவிட்ட பழைய சிம் எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கணக்கை மீட்பதற்குள் மூன்று சனிக்கிழமைகள் கழிந்தன.

ஆகவே முதல் வேலை துடைப்பது ஆகாது. உங்கள் முக்கியக் கணக்குகளான மின்னஞ்சல், பேஸ்புக், வங்கி, மின்பணப்பை ஆகியவற்றின் கடவுச்சொற்கள் உங்களுக்குத் தெரியுமா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வீட்டு அலமாரியில் வைத்தாலும் தவறில்லை. இணையத் திருடன் உங்கள் அலமாரியைத் திறக்கப் போவதில்லை.

அடுத்து, அந்தக் கணக்குகளில் பதிவாகியிருக்கும் மீட்பு எண் இப்போது உங்கள் கையில் உள்ள எண்தானா என்று பாருங்கள். பிறகு உலாவியையும் கைப்பேசியின் இயங்குதளத்தையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் அமைப்புகளில் சில பழைய பதிப்புகளில் இருக்காது. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வங்கிப் பணப் பரிமாற்றத்துக்கு நடுவிலோ, பிள்ளைக்கு இணைய வகுப்பு தொடங்கப் போகும் நேரத்திலோ இதில் இறங்க வேண்டாம்.

2. எதையும் மாற்றாமல் முதலில் அளந்து பாருங்கள்

எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அமைப்பு, ‘கவர் யுவர் டிராக்ஸ்’ என்ற இலவசச் சோதனைப் பக்கத்தை நடத்துகிறது. அதில் உள்ள பொத்தானை அழுத்தினால், உங்கள் உலாவி பின்தொடரும் விளம்பரங்களைத் தடுக்கிறதா என்றும், உங்கள் உலாவியின் தோற்றம் மற்றவர்களுடையதிலிருந்து எவ்வளவு வேறுபட்டுத் தெரிகிறது என்றும் இரண்டு முடிவுகள் கிடைக்கும். அந்தப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுவதற்கு முந்தைய நிலை தெரியாவிட்டால், மாற்றியதால் என்ன பயன் என்பதும் தெரியாது. ‘விளம்பரம் குறைந்த மாதிரி இருக்கிறது’ என்ற மனநிலை அளவாகாது. மேலும், நாம் செய்யப்போவது விளம்பரத்தைக் குறைக்கும் வேலையில்லை. விளம்பரம் அதே எண்ணிக்கையில் வந்துகொண்டே பின்தொடர்தல் குறையலாம். விளம்பரமே கண்ணில் படாமல் பின்தொடர்தல் மும்முரமாக நடந்துகொண்டும் இருக்கலாம்.

3. பின்தொடரும் வழிகளைப் பிரித்து அறியுங்கள்

முதல் வழி, மூன்றாந்தரப்புக் குக்கீ. நீங்கள் ஒரு செய்தித்தளத்தைத் திறக்கிறீர்கள். அந்தப் பக்கத்துக்குள் ஒரு விளம்பர நிறுவனத்தின் சிறு நிரல் ஒளிந்திருந்து, உங்கள் உலாவியில் ஓர் அடையாள எண்ணை வைத்துவிடுகிறது. அடுத்து நீங்கள் ஒரு சமையல் தளத்துக்குப் போனால், அங்கும் அதே நிறுவனத்தின் நிரல் இருந்து அதே எண்ணைப் படிக்கிறது. இரண்டு இடத்துக்கும் வந்தவர் ஒருவரே என்பது இப்படித்தான் தெரிகிறது.

இரண்டாவது, உலாவியின் கைரேகை. திரை அளவு, எழுத்துருக்கள், மொழி, நேர வலயம், வரைகலைச் சில்லு போன்ற சிறு விவரங்களைச் சேர்த்துப் பார்த்து உங்களை அடையாளம் காண்பது. மூன்றாவது, ஐபி முகவரி, அதாவது உங்கள் இணைய இணைப்புக்குரிய எண். நான்காவது, நீங்களே உள்நுழைந்திருக்கும் கணக்கு. ஐந்தாவது, உலாவிக்கு வெளியே கைப்பேசியில் இருக்கும் செயலிகள்.

உலாவியின் தனியுரிமைப் பக்கத்தில் நீங்கள் காண்பவற்றில் பெரும்பாலானவை முதல் வழிக்கானவை. வகுப்பில் ஃபயர்பாக்ஸ் உலாவியில் ஏதேனும் ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்து, முகவரிப் பட்டையில் இருக்கும் கேடயச் சின்னத்தை அழுத்திக் காட்டுவது என் வழக்கம். அங்கே தடுக்கப்பட்டவற்றின் பட்டியல் விரியும்போதுதான், ஒரு பக்கத்துக்குப் பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்களா என்று பலர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகே வருகிறார்கள்.

4. உலாவியைத் தேர்ந்து, அதையே இயல்பு உலாவியாக்குங்கள்

எந்த அமைப்பை மாற்றுவது என்பதைவிட எந்த உலாவியில் மாற்றுவது என்பது பெரிய முடிவு. ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி, 2020 மார்ச் முதல் மூன்றாந்தரப்புக் குக்கீகள் அனைத்தையும் தானாகவே தடுக்கிறது. ஃபயர்பாக்ஸ், 2022 ஜூன் முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி ஜாடியில் அடைத்து வைக்கும் முறையை எல்லாருக்கும் இயல்பாக்கியது. பிரேவ் உலாவியும் தொடக்க நிலையிலேயே தடுக்கிறது.

குரோமின் கதை வேறு. மூன்றாந்தரப்புக் குக்கீகளை இரண்டு ஆண்டுகளில் ஒழிப்பதாக கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்தது, பலமுறை தள்ளிப்போட்டது, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. இன்றும் குரோமின் சாதாரணச் சாளரத்தில் அவற்றைத் தடுக்க வேண்டுமானால் நீங்களே போய் மாற்ற வேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு கைப்பேசி. அதில் வாங்கும்போதே குரோம் இருக்கிறது. கடையில் வாங்கிய நாளிலிருந்து எதையும் மாற்றாமல் பயன்படுத்துவோரே மிகுதி என்பதால், யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவர்களிடம்தான் அது அணைந்த நிலையில் இருக்கிறது.

ஆண்ட்ராய்டு வைத்திருப்போருக்கு என் பரிந்துரை ஃபயர்பாக்ஸ். காரணத்தை ஏழாம் பகுதியில் சொல்கிறேன். நிறுவியவுடன், கைப்பேசியின் அமைப்புகளில் இயல்புச் செயலிகள் பகுதிக்குச் சென்று அதையே இயல்பு உலாவியாக வையுங்கள். புதியவர்கள் அதிகம் தவறவிடும் படி இதுதான். புதிய உலாவியைக் கவனமாக அமைத்துவிட்டு, வாட்ஸ்அப் குழுவில் வரும் சுட்டியை அழுத்துவார்கள். அது பழைய உலாவியில் திறக்கும். செய்த வேலை அத்தனையும் ஓரமாகக் கிடக்கும்.

5. மூன்றாந்தரப்புக் குக்கீயைத் தடுங்கள்

குரோமிலேயே இருக்க விரும்புவோர், வலப்புற மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘செட்டிங்ஸ்’, ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘தர்ட் பார்ட்டி குக்கீஸ்’ என்ற வரிசையில் சென்று, தடுக்கும் தேர்வை இடுங்கள். கைப்பேசியை மலாய் மொழியில் வைத்திருப்போருக்குப் பெயர்கள் மலாயில் வரும், ஆனால் இடம் மாறாது.

ஃபயர்பாக்ஸில், ‘என்ஹான்ஸ்டு டிராக்கிங் புரொடெக்‌ஷன்’ என்ற பகுதியில் ‘ஸ்டாண்டர்ட்’ என்று இருப்பதை ‘ஸ்ட்ரிக்ட்’ என்று மாற்றுங்கள். முன்னது, பின்தொடரும் நிரல்களை மறைநிலைச் சாளரத்தில் (‘பிரைவேட்’, ‘இன்காக்னிட்டோ’ என்று வருவது) மட்டுமே தடுக்கிறது. பின்னது எல்லாச் சாளரங்களிலும் தடுக்கிறது. ஐபோனில், சஃபாரி அமைப்புகளில் ‘பிரிவென்ட் கிராஸ்-சைட் டிராக்கிங்’ எரிந்த நிலையில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வேண்டுமென்றே யாரும் அணைத்திராவிட்டால் இருக்கும்.

இந்தப் படியில் புதியவர்கள் செய்யும் தவறு, எல்லாக் குக்கீகளையும் தடுத்துவிடுவது. நீங்கள் உள்நுழைந்திருப்பதை ஒரு தளம் நினைவில் வைத்திருப்பதும் குக்கீயால்தான். வாங்கும் கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்துக்குப் போனாலும் அங்கேயே இருப்பதும் குக்கீயால்தான். அதையும் தடுத்தால் எந்தத் தளத்திலும் உள்ளே நுழைய முடியாது. பத்து நிமிடத்தில் எரிச்சலடைந்து, எல்லாவற்றையும் பழையபடி திறந்துவிடுவார்கள். இப்படி முழுவதும் அடைத்துப் பின் முழுவதும் திறந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தடுத்த பிறகே பழைய குக்கீகளை நீக்க வேண்டும். முதலில் நீக்கினால், நீங்கள் திறக்கும் அடுத்த பக்கமே புதிய எண்ணை வைத்துவிடும். நீக்கும் பட்டியலில் கடவுச்சொற்களுக்கான கட்டம் தேர்வாகியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். கிராணி ஐயா சிக்கியது அந்த ஒரு கட்டத்தில்தான்.

6. மறைநிலைச் சாளரத்திடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்

மறைநிலை என்பது உங்கள் கைப்பேசியை அடுத்து எடுத்துப் பார்ப்பவரிடமிருந்து மறைப்பது. சாளரத்தை மூடியதும் வரலாறும் குக்கீகளும் போய்விடும்; குரோமின் மறைநிலையில் மூன்றாந்தரப்புக் குக்கீகளும் இயல்பாகவே தடுக்கப்படுகின்றன. அதற்கு மேல் அதனிடம் ஒன்றும் இல்லை. உங்கள் ஐபி முகவரி அப்படியே தெரியும், கைரேகை பெரும்பாலும் அப்படியே இருக்கும், உள்ளே சென்று கணக்கில் நுழைந்தால் பெயரும் தெரிந்துவிடும்.

இதைப் பற்றி அமெரிக்காவில் 2020 ஜூனில் கூகுள் மீது ஒரு வழக்குத் தொடரப்பட்டது. மறைநிலையில் இருந்தவர்களின் உலாவல் விவரங்களும் சேகரிக்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. 2024 ஏப்ரலில் வெளியான சமரச விதிகளின்படி, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவோ, ஆளை அடையாளம் காண முடியாதபடி மாற்றவோ கூகுள் இணங்கியது. மறைநிலைச் சாளரத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் எச்சரிக்கை வாசகமும் மாறியது. நீங்கள் செல்லும் தளங்களும் அவை பயன்படுத்தும் சேவைகளும், கூகுள் உட்பட, தகவல் சேகரிப்பதை இது மாற்றாது என்று இப்போது அதிலேயே எழுதியிருக்கிறது. நம்மில் யாரும் அதைப் படிப்பதில்லை.

நூலகத்திலோ பள்ளியிலோ பலர் பயன்படுத்தும் கணினியில் மறைநிலை அவசியம். அந்த வேலையை அது செவ்வனே செய்யும்.

7. ஒரே ஒரு தடுப்பு நீட்சியைச் சேருங்கள்

குக்கீயைத் தடுத்தாலும் பின்தொடரும் நிரல் உங்கள் உலாவிக்குள் வந்து ஓடுகிறது. குக்கீ கிடைக்காவிட்டால் கைரேகையையும் ஐபியையும் கொண்டு முயல்கிறது. நிரலையே இறங்கவிடாமல் செய்வது இன்னும் பலமான தடுப்பு. அதற்கு யுபிளாக் ஆரிஜின் என்ற இலவச நீட்சி, அதாவது உலாவியோடு சேர்க்கும் சிறு கூடுதல் நிரல், போதும்.

ஆண்ட்ராய்டில் குரோம் எந்த நீட்சியையும் ஏற்காது, ஃபயர்பாக்ஸ் ஏற்கும். ஃபயர்பாக்ஸை நான் பரிந்துரைத்ததற்குக் காரணம் இது. கணினியிலும் குரோம், நீட்சிகளுக்கான விதிகளை மாற்றி, 2025இல் யுபிளாக் ஆரிஜினின் முழு வடிவத்தை நிறுத்திவிட்டது. ‘லைட்’ என்ற எளிய வடிவம் மட்டுமே அதில் ஓடுகிறது. அதுவும் ஒன்றுமில்லாததற்கு மேல்தான்.

ஒன்று போதும் என்று சொன்னால் நான்கு போடுவோர் இருக்கிறார்கள். ஒரு மாணவரின் மடிக்கணினியில் ஏழு தடுப்பு நீட்சிகள் இருந்தன. அவற்றுள் இரண்டு, அவர் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் படிக்க அனுமதி வாங்கியிருந்த, பெயர் தெரியாத ஆக்கங்கள். பின்தொடர்வோரைத் தடுக்க வேலைக்கு வைத்த காவலாளியே பின்தொடர்வதற்கு இது சமம். நீட்சியின் பெயரையும் உருவாக்கியவரையும் சரிபார்த்து, உலாவியின் அதிகாரபூர்வ நீட்சிக் கடையிலிருந்து மட்டும் எடுங்கள்.

8. கணக்குகளைக் கவனியுங்கள்: பெரிய கதவு இங்கேதான் இருக்கிறது

தையல் வேலை செய்யும் ஓர் அக்கா வகுப்பில் கைப்பேசியை நீட்டினார். மேலே சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தார். ஆனால் முந்தைய நாள் அவர் தேடிய தையல் இயந்திரத்தின் அதே நிறம், அதே வகை, பேஸ்புக்கில் வந்து நின்றது. தேடியது எங்கே என்று கேட்டேன். கூகுளில் என்றார். பிறகு யோசித்து, ஒரு கடையின் பேஸ்புக் பதிவை அழுத்தித்தான் அந்தப் பொருளைப் பார்த்ததாகவும், விலை அறிய அக்கடையின் தளத்தில் கைப்பேசி எண்ணைக் கொடுத்ததாகவும் சொன்னார். இதில் உலாவியின் குக்கீ அமைப்புக்கு வேலையே இல்லை. அவர் யார் என்பதை அவரே இரண்டு இடத்தில் சொல்லியிருந்தார்.

கூகுள் கணக்கில் தொடங்குங்கள். கணக்கு மேலாண்மைப் பக்கத்தில் ‘டேட்டா அண்ட் பிரைவசி’ பகுதியில் ‘வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி’ என்று இருக்கும். அதை நிறுத்தலாம்; அல்லது 3, 18, 36 மாதங்களில் நீங்கள் தேர்ந்த காலத்தைக் கடந்த பதிவுகள் தாமாக அழியும்படி வைக்கலாம். நான் 3 மாதம் வைத்திருக்கிறேன். விளம்பரங்களை உங்களுக்கு ஏற்ப அமைப்பதை நிறுத்தும் பொத்தானும் அருகில் இருக்கிறது. அதை அணைத்தால், சேர்த்த தகவலை விளம்பரம் தேர்வதற்குப் பயன்படுத்துவது நிற்குமே தவிர, சேர்ப்பது நிற்காது. அதனால்தான் முதலில் சேர்ப்பதை நிறுத்தச் சொன்னேன்.

அடுத்து பேஸ்புக். ‘அக்கவுண்ட்ஸ் சென்டர்’ உள்ளே, ‘யுவர் ஆக்டிவிட்டி ஆஃப் மெட்டா டெக்னாலஜீஸ்’ என்ற பகுதியைத் தேடுங்கள். பேஸ்புக்குக்கு வெளியே நீங்கள் சென்ற எந்தெந்தத் தளங்களும் செயலிகளும் உங்களைப் பற்றி அங்கே சொல்லியிருக்கின்றன என்ற பட்டியலை அது காட்டும். வகுப்பில் பலரும் வாயடைத்துப்போவது இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான். பழையவற்றை நீக்கிவிட்டு, இனி வருபவற்றைக் கணக்கோடு இணைக்காதிருக்கும் தேர்வை இடுங்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இணைப்பைத் துண்டித்தாலும் அந்தத் தளங்கள் தகவல் அனுப்புவது நிற்பதில்லை. உங்கள் கணக்கோடு அதைச் சேர்ப்பது மட்டுமே நிற்கிறது. மேலும், பேஸ்புக் கணக்கைக் கொண்டு நுழைந்திருக்கும் வேறு செயலிகளிலிருந்து நீங்கள் வெளியேற்றப்படலாம். விளையாட்டுச் செயலியில் பிள்ளை சேர்த்த புள்ளிகள் போய்விட்டதாக வீட்டில் சண்டை வந்த கதையும் வகுப்பில் உண்டு. அந்தச் செயலிகளுக்கு மின்னஞ்சல் வழியாக நுழைவதை முன்கூட்டியே ஏற்படுத்திவிட்டு இந்தப் பொத்தானை அழுத்துங்கள்.

கணினியில் இன்னொரு எளிய வழி இருக்கிறது. கூகுள், பேஸ்புக் கணக்குகளில் ஓர் உலாவியில் மட்டும் நுழையுங்கள். தேடுவது, படிப்பது, விலை பார்ப்பது ஆகியவற்றை எந்தக் கணக்கிலும் நுழையாத இன்னொரு உலாவியில் செய்யுங்கள். காசில்லாமல் கிடைக்கும் பலமான தடுப்புகளுள் இதுவும் ஒன்று என்பது என் கணிப்பு.

எண்ணைக் கொடுப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தீபாவளிக்குத் துணி வாங்கும்போது தள்ளுபடிக்காகக் கைப்பேசி எண்ணைக் கேட்பார்கள். வணிகர்கள் தங்கள் வாடிக்கையாளர் எண்களையும் மின்னஞ்சல்களையும் விளம்பரத் தளங்களில் ஏற்றி, அதே ஆட்களைத் தேடிப்பிடித்து விளம்பரம் காட்ட முடியும். நேரில் ரொக்கம் கொடுத்து வாங்கிய துணி மறுநாள் திரையில் தோன்றுவதற்கு அதுவும் காரணமாகலாம். அதை எந்த உலாவியாலும் தடுக்க முடியாது; எண் வேண்டாம், தள்ளுபடியும் வேண்டாம் என்று சொல்வது ஒன்றே வழி.

9. கைப்பேசிச் செயலிகளை அடக்குங்கள்

பேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒரு சுட்டியை அழுத்தினால் அது பெரும்பாலும் அந்தச் செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு உலாவியில் திறக்கிறது. அங்கே உங்கள் ஃபயர்பாக்ஸின் தடுப்பும் இல்லை, நீட்சியும் இல்லை. தையற்கார அக்கா மாட்டியதும் இதில்தான். பக்கம் திறந்ததும் மேலே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, வெளி உலாவியில் திறக்கும் தேர்வை எடுக்கும் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

செயலிகள் உங்களை அறிவதற்குக் கைப்பேசிக்கென ஒரு விளம்பர அடையாள எண் உண்டு. ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில், அமைப்புகளில் ‘ஆட்ஸ்’ என்று தேடினால் ‘டிலீட் அட்வர்டைசிங் ஐடி’ என்ற தேர்வு வரும். அதை அழுத்தியபின் செயலிகளுக்கு எண்ணுக்குப் பதில் வெறும் சுழியங்களே கிடைக்கும். ஐபோனில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘டிராக்கிங்’ என்று சென்று, பின்தொடர அனுமதி கேட்பதையே செயலிகளுக்கு மறுத்துவிடலாம். இந்த வசதி 2021 ஏப்ரலில், ஐஓஎஸ் 14.5 பதிப்போடு நடைமுறைக்கு வந்தது.

உலாவியை மட்டும் பூட்டினால் போதாது என்பதற்கு 2025 ஜூனில் வெளிவந்த ஒரு செய்தியே சான்று. ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர், ஆண்ட்ராய்டில் இருந்த பேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகளும் யாண்டெக்ஸ் என்ற ரஷ்ய நிறுவனத்தின் சில செயலிகளும், கைப்பேசிக்குள்ளேயே ஓர் இணைப்புவாயைத் திறந்து வைத்துக் காத்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். உலாவியில் ஒரு தளத்தைத் திறந்ததும், அத்தளத்தில் பதிந்திருந்த அதே நிறுவனத்தின் நிரல், அந்த வாய் வழியாகச் செயலிக்குத் தகவல் கொடுத்தது. செயலிக்கோ உங்கள் பெயர் தெரியும். நீங்கள் மறைநிலையில் இருந்தாலும், குக்கீகளை அழித்திருந்தாலும், உலாவியில் எந்தக் கணக்கிலும் நுழையாதிருந்தாலும் இது நடந்தது. செய்தி வெளியான அன்றே, பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அந்த முறையை நிறுத்தியது. உலாவிகளும் தடுப்புகளைச் சேர்க்கத் தொடங்கின. இருப்பினும், மாதத்தில் ஒருமுறை மட்டும் திறக்கும் செயலியை நீக்கிவிட்டு, அதே தளத்தை உலாவியில் பயன்படுத்துவதே நல்லது.

10. கைரேகை விஷயத்தில் அடக்கமாக இருங்கள்

மேலே சொன்ன எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த சுமார் 4,70,000 உலாவிகளில் 83.6 விழுக்காடு, வேறு எதனோடும் பொருந்தாத தனித் தோற்றம் கொண்டிருந்தன. சோதித்துப் பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் விவரமறிந்தவர்கள் என்பதால் அது எல்லாருக்கும் பொருந்தும் எண்ணாகாது. ஆனாலும் எதைச் சொல்கிறது என்பது தெளிவு.

நம்மைப் போன்றோருக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. உலாவியின் மொழிப் பட்டியலில் தமிழையும் மலாயையும் ஆங்கிலத்தையும் வரிசைப்படுத்தி வைத்து, கூடுதல் தமிழ் எழுத்துருக்களையும் கணினியில் நிறுவி, கோலாலம்பூர் நேர வலயத்தில் இருக்கும் ஒருவர், உலகக் கூட்டத்தில் எளிதில் தனித்துத் தெரிவார். அதற்காகத் தமிழை நீக்குங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை, நானும் நீக்கவில்லை. தேவையில்லாத எழுத்துருக்களை மட்டும் குறைத்தேன்.

ஃபயர்பாக்ஸில் ‘ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரிண்டிங்’ என்ற மறைந்த அமைப்பு ஒன்று உண்டு. ஆர்வலர்கள் அதைத் தேடிப் போடுகிறார்கள். அது நேர வலயத்தையும் மறைத்துவிடுவதால், இணையத்தில் காணும் நேரங்கள் நம் நேரத்துக்கு 8 மணி பின்தங்கித் தெரியும். இரவு 8 மணிக் கூட்டத்தை மதியம் 12 மணி என்று நினைத்து ஒருவர் காத்திருந்தார். சாதாரணப் பயனருக்கு ‘ஸ்ட்ரிக்ட்’ நிலையோ, பிரேவ் உலாவி இயல்பாகவே இந்த விவரங்களை மாற்றி மாற்றிக் காட்டுவதோ போதும்.

11. ஐபி முகவரியும் விபிஎன்னும்

விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை இடையில் வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாக அனுப்பும் சேவை. பின்தொடரும் வழிகளில் அது உங்கள் ஐபி முகவரியை மட்டுமே மாற்றுகிறது. குக்கீ, கைரேகை, கணக்கு மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கும். பேஸ்புக்கில் நுழைந்தபடி விபிஎன் போடுவது, முகமூடி அணிந்து பெயரட்டையைச் சட்டையில் குத்திக்கொள்வது போன்றது. இலவச விபிஎன்களை வகுப்பில் நான் நிறுவ விடுவதில்லை. உங்கள் போக்குவரத்து முழுவதும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் போகிறது.

இணையச் சேவை நிறுவனம் உங்கள் தளப் பெயர்களைப் பார்ப்பதைக் குறைக்க, உலாவியில் ‘செக்யூர் டிஎன்எஸ்’ அமைப்பைப் போடலாம். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை அதன் ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை. வெளி டிஎன்எஸ் சேவைகளுக்குச் செல்லும் வினவல்களைத் தங்கள் பக்கம் திருப்புமாறு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2024இல் சேவை நிறுவனங்களைப் பணித்தபோதுதான் நம் நாட்டில் பலர் இந்தச் சொல்லையே கேள்விப்பட்டார்கள். எதிர்ப்பு எழுந்ததும் அந்த ஆண்டு செப்டம்பரில் அது நிறுத்தப்பட்டது. விளம்பரப் பின்தொடர்தலுக்கும் இதற்கும் தொடர்பு குறைவு என்பதால், இதைக் கடைசிப் படிகளில் வைத்திருக்கிறேன்.

12. வேண்டுகோள் பொத்தான்களும் சட்டமும்

‘டு நாட் டிராக்’ என்ற பொத்தானை இன்னும் தேடுவோர் உண்டு. அது தளத்திடம் வைக்கும் வேண்டுகோள் மட்டுமே. கேட்பதும் கேளாததும் தளத்தின் விருப்பம். பெரும்பாலான தளங்கள் பொருட்படுத்தவில்லை. சஃபாரி 2019இலும் ஃபயர்பாக்ஸ் 2025இலும் அதை எடுத்துவிட்டன. அதற்குப் பின்வந்த ‘குளோபல் பிரைவசி கன்ட்ரோல்’ என்பதற்கு கலிஃபோர்னியாவில் சட்ட வலு உண்டு. மலேசியாவில் அதை மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. போட்டு வைப்பதால் நட்டமில்லை.

நம் நாட்டின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. அதன் 43ஆம் பிரிவின்படி, உங்கள் தகவலை நேரடி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு ஒரு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அறிவிக்கலாம். துணிக்கடைக்கும் தையல் இயந்திரக் கடைக்கும் இதை மின்னஞ்சலில் இரண்டு வரியாக எழுத வகுப்பிலேயே பழக்குகிறோம். கூட்டரசு, மாநில அரசாங்கங்களை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்பதையும் அறிந்திருங்கள்.

13. மீண்டும் அளந்து, பழுதானவற்றைச் சரிசெய்யுங்கள்

இரண்டாம் படியில் செய்த சோதனையை மறுபடி நடத்தி, பழைய திரைப்பிடிப்போடு ஒப்பிடுங்கள். பின்தொடர்வதைத் தடுக்கும் முடிவு தெளிவாக முன்னேறியிருக்கும். கைரேகை முடிவு பெரும்பாலும் மாறியிருக்காது. உங்கள் தவறு என்று எண்ணி, எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டாம். எட்டாம், ஒன்பதாம் படிகளின் பயனை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு, ஒரு மாதம் கழித்துப் பேஸ்புக்கின் அந்தப் பட்டியலை மறுபடி திறந்து பாருங்கள்.

சில தளங்கள் சரியாகத் திறக்காமல் போகலாம். குறிப்பாக, பணம் செலுத்தும் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கலாம். அப்போது தடுப்பு முழுவதையும் அணைக்காமல், முகவரிப் பட்டையின் கேடயச் சின்னத்தை அழுத்தி, அந்த ஒரு தளத்துக்கு மட்டும் தடுப்பைத் தளர்த்துங்கள். பணம் ஏற்கெனவே கணக்கிலிருந்து போய்விட்டதா என்று வங்கிச் செயலியில் பார்த்த பிறகே பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். ஒரே மின்கட்டணத்தை அவசரத்தில் இரண்டு முறை கட்டியவர்கள் வகுப்பில் இருவர். அவர்களில் ஒருவன் நான்.